ஏரியை ஒட்டிய பட்டா நிலத்தில் மனை போடுகிறார்களா? சண்டைக்கு முன் செய்ய வேண்டியவை

ஏரியை ஒட்டிய வயலில் ஜேசிபி இறங்கியதும் ஊரில் இரண்டு குரல் கேட்கும். "ஏரியை ஆக்கிரமிக்கிறார்கள்" என்று ஒன்று. "என் பட்டா, யார் கேட்பது?" என்று இன்னொன்று. நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்து கருவி வைத்து அளக்கும் காலம் வரை இந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கும். ஏனென்றால் "அந்த வயல்" என்று எல்லோரும் கைகாட்டுவது ஒரே வகை நிலமாக இருப்பதில்லை. நடுவே ஓடைப் புறம்போக்கு போகும். ஓரத்தில் வண்டிப்பாதை இருக்கும். ஏரி நிறைந்தால் தண்ணீர் நிற்கும் ஒரு துண்டு இருக்கும். மீதி சுத்தமான பட்டா.

இதைப் பிரிக்காமல் போராட்டத்துக்கு இறங்கிய ஊர்கள் ஓடையையும் சேர்த்துத் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பிரிக்காமல் பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய நிலத்துக்காரர்கள் பல வருஷம் கோர்ட்டில் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே சொல்வது இரு தரப்புக்கும்தான்.

புல எண்ணைப் பிடியுங்கள்

முதலில் சர்வே நம்பர், அதன் உட்பிரிவோடு. பக்கத்து வயல்காரரைக் கேட்டாலே கிடைக்கும். வருவாய்த் துறையின் இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் கொடுத்தால் மூன்று தாள் எடுக்கலாம்: பட்டா சிட்டா, அ பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), புல வரைபடம். சர்ச்சைக்குரிய எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள எல்லா எண்களுக்கும் எடுங்கள். பிரச்சினை எப்போதும் எல்லையில்தான் இருக்கும், எல்லையின் மறுபக்கம் என்ன என்று தெரியாமல் எதுவும் பேச முடியாது.

அ பதிவேட்டில் பார்க்க வேண்டியது, நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா) சர்க்காரா (அரசு நிலம்) என்பதும், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா என்பதும். புறம்போக்கு என்றால் என்ன புறம்போக்கு என்பதையும் குறியுங்கள். ஏரி, வாய்க்கால், ஓடை, மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை, களம், மயானம் எல்லாம் தனித்தனி. ஓடை என்று பதிவானதற்கும் கல்லாங்குத்து (கல் நிறைந்த தரிசு) என்று பதிவானதற்கும் நீதிமன்றத்தில் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல.

புல வரைபடத்தில் ஓடையை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அதற்குத் தனி உட்பிரிவு எண் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அது புறம்போக்கு, அரசுடையது. உட்பிரிவு இல்லாமல் புலத்துக்குள் கோடாக மட்டும் ஓடினால் அது பட்டா நிலத்துக்குள் போகும் வாய்க்கால். மண் நிலத்துக்காரருடையது. ஆனால் கீழ் வயல்காரர்கள் 20 வருஷம் தடையில்லாமல் அதில் தண்ணீர் வாங்கியிருந்தால் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி அவர்களுக்கு அந்த நீரோட்டத்தில் உரிமை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ மனுக்கள் முதல் பக்கத்திலேயே தள்ளுபடி ஆகியிருக்கின்றன.

அப்புறம், இன்றைய பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1980களில் நடந்தபோது பழைய எண்கள் மாறின, உட்பிரிவுகள் மாறின. அதில் ஓடை பட்டாவான இடமும் உண்டு, வாங்கி உழுத நிலம் புறம்போக்கு என்று விழுந்த இடமும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டு நகலும் செட்டில்மென்ட் பதிவேட்டு (பழைய நிலவரித் திட்டப் பதிவேடு) நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வகைப்பாடு எந்த உத்தரவும் இல்லாமல் மாறியிருந்தால் திருத்தம் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகலாம். இந்த வழி ஊருக்கும் உண்டு, நிலத்துக்காரருக்கும் உண்டு.

ஏரியின் உள்வாயை நடந்து பாருங்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். தாளில் தெரியாத ஒன்று தரையில் தெரியும்.

ஒரு ஏரிக்கு எல்லை எது? கரை இருக்கும் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம், அதாவது வரத்துக் கால்வாய் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம், கரையே கிடையாது. அங்கே தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைத் தீர்மானிப்பது கலங்கல், அதாவது ஏரி நிறைந்ததும் மிகை நீர் வழியும் கல்கட்டு. கலங்கலின் உச்சி மட்டத்தை அப்படியே ஏரிக்குள் நீட்டினால் எங்கே தரையைத் தொடுகிறதோ அதுவரை ஏரி நிறையும். அந்த நீர்ப்பரப்புக்குள் பல இடங்களில் பட்டா நிலமும் அகப்பட்டுக்கொள்ளும். தண்ணீர் வற்றிய மாதங்களில் உழுது விதைத்துவந்த நிலம் அது. ஊரில் உள்வாய்ப் பட்டா என்பார்கள்.

இந்தத் துண்டில்தான் சண்டை முற்றும். நிலத்துக்காரர், "பத்து வருஷமாகத் தண்ணீரே வரவில்லை, இது ஏரியா?" என்பார். வராததற்குக் காரணம் மழை மட்டும்தானா என்று பாருங்கள். கலங்கல் உடைந்திருக்கிறதா, யாரோ இரண்டு வரிசைக் கல்லைப் பெயர்த்திருக்கிறார்களா, வரத்துக் கால்வாய் தூர்ந்திருக்கிறதா? கலங்கல் ஒரு அடி தாழ்ந்தால் சமதளமான ஊரில் ஏக்கர்கணக்கில் நிலம் காய்ந்துவிடும். காய்ந்த நிலத்துக்கு மனை விலை வரும்.

ஏரியிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி இன்னும் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். வயதானவர்கள் "இந்த வேப்பமரம் வரைக்கும் அலை அடிக்கும்" என்று காட்டுவார்கள். அதை மட்டம் வைத்துச் சரிபாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும், கலங்கல் உச்சியிலிருந்து படிப்படியாக மட்டத்தைக் கொண்டுபோய்விடலாம். நல்ல மழையில் ஏரி நிறைந்த அன்று, ஒரு சர்வே கல்லோ மின்கம்பமோ தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பக்க மனுவை விட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

மனை வாங்க நினைப்பவர்களும் இந்த நடையை நடக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் மொட்டை மாடியில்தான் நின்றார்கள்.

மூன்றாகப் பிரியுங்கள்

தாளும் தரையும் பார்த்தாகிவிட்டதா? இப்போது ஒரு வெள்ளைத் தாளில் புல வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, மூன்று நிறம் தீட்டுங்கள்.

ஒன்று, பொது நிலம். ஏரி, ஓடை, வாய்க்கால், பாதை என்று பதிவான எல்லாம். இதில் பேரம் கிடையாது, ஒரு சென்ட் கூட. குளம் குட்டை போன்றவை சமூகத்தின் பொதுச் சொத்து, அவற்றை வேறு எதற்கும் ஒதுக்கக் கூடாது என்று 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கச் சொன்னது. அதை ஆக்கிரமித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, நிறையச் செலவு செய்துவிட்டேன் என்பது ஒரு காரணமாகாது என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, மற்ற அரசு நிலத்துக்கு 1905ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 1905 சட்டத்தில் 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் வெளியேற்றம்.

மனுவை யாருக்குக் கொடுப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல் பரப்பு) 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். எப்படியும் தாசில்தாருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஓடைக் கரையில் குடிசை போட்டிருப்பவரும் ஓடையை மூடி ரோடு போடும் மனைக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒரே பிரிவில் வருவார்கள். ஆனால் குடிசைக்காரருக்குப் போக இடம் இல்லை. அவருக்கு மாற்று இடம் கேட்டு அதே மனுவில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாத மனுவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இரண்டாவது நிறம், பட்டா நிலம்தான், ஆனால் பயனை மாற்ற அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை மனையாக்க 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி டிடிசிபியிடமோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சென்னைப் பெருநகர்ப் பகுதியென்றால் சிஎம்டிஏவிடமோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) போக வேண்டும். நஞ்சையை மாற்ற வேளாண்மைத் துறையின் கருத்து கேட்பார்கள். ஏரிக்குப் பக்கத்தில் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்க ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு வேண்டும். 2019 கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி இருக்கிறது. 3,000க்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதனால்தான் சிலர் ஒரே நிலத்தைத் துண்டு துண்டாக, வேறு வேறு பெயரில் விண்ணப்பிக்கிறார்கள். பக்கத்து எண்களுக்கும் தாள் எடுக்கச் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நான்கு துண்டும் ஒரே ஆளின் பவரில் இருந்தால் அதை ஆதாரமாக வைத்து டிடிசிபி மாவட்ட அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அனுமதி வருவதற்கு முன்னால் கொடுக்கும் ஆட்சேபத்துக்கு உள்ள பலம், வந்த பிறகு போடும் வழக்குக்கு இருக்காது. அங்கீகாரமே இல்லாமல் கல் நட்டிருந்தால் அப்படிப்பட்ட மனையைப் பதியத் தடை விதிக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைச் சுட்டிக்காட்டி சார்பதிவாளருக்கு எழுதுங்கள். 2016 அக்டோபர் 20 வரை மனை விற்பனை பதிவான மனைப்பிரிவுகளுக்கு மட்டுமே வரன்முறை (அங்கீகாரமில்லாததை முறைப்படுத்துவது) என்ற வழி திறந்தது.

மூன்றாவது, முழுக்க முழுக்க அவர் நிலம். நீர்ப்பிடிப்பில் இல்லை, பாதை இல்லை, அனுமதிகளும் வாங்கிவிட்டார். "பச்சைப்பசேல் என்று இருந்ததே, போகிறதே" என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. ஆனால் வருத்தம் சட்டமாகாது. சொத்துரிமை 1978இல் 44ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கினாலும் 300-ஏ பிரிவாக அரசியலமைப்பில் இருக்கிறது. சட்டத்தின் வழியின்றி யார் சொத்தையும் பறிக்க முடியாது. அந்த நிலம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று ஊர் விரும்பினால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அரசு 2013 நிலமெடுப்புச் சட்டப்படி எடுக்கலாம். அல்லது உட்கார்ந்து பேச வேண்டும். முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) "பூங்கா" என்று பச்சை அடித்து வைத்து எடுக்காமலே விட்டாலும், மூன்று வருஷத்தில் அந்த ஒதுக்கீடு விலகிப்போகும் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு சொல்கிறது.

உதவாத ஆயுதங்களையும் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் பலர் 2020ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை மனையை எதிர்க்கக் காட்டுகிறார்கள். அது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றைத் தடுக்கிறது, மனைப்பிரிவை அல்ல. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளும் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை விட்டுவிடுகின்றன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை.

நிலத்துக்காரரோடு பேசுவது

போய்ப் பேசுங்கள், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால். பொது அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு முடிவெடுப்பவர் அவர் இல்லை.

"ஏண்ணே விக்கிறீங்க?" என்று கேளுங்கள். கடன், பங்காளிகளுக்குள் பாகம், ஆள் கிடைக்கவில்லை, போர் வற்றிவிட்டது, ஏதோ ஒன்று இருக்கும். நாற்பது வருஷம் உழுதவரைப் பார்த்து ஏரித் திருடன் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அவர் காது அன்றோடு அடைத்துவிடும். அவதூறு வழக்கு தனி.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கு மேற்கே 4 ஏக்கர் 20 சென்ட். இளைஞர்கள் முழு நிலத்தையும் ஏரி என்றார்கள். அளந்தோம். 18 சென்ட் ஓடைப் புறம்போக்கு, தனி உட்பிரிவு. இன்னும் கொஞ்சம் உள்வாய். மீதி பட்டா. கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது இதுதான்: ஓடை அளவு காட்டிக் கல் நட்டு விடப்படும், அதைக் கடக்கும் இடத்தில் குழாய் போடாமல் முழு அகலத்துக்குச் சிறுபாலம், விதிப்படி விட வேண்டிய சுமார் 30 சென்ட் திறந்தவெளி ஊர்க் கோடியில் இல்லாமல் ஏரிப் பக்கம் உள்வாயை ஒட்டி வரும், அதை அடுத்து சாலை. வீடுகளின் முகம் ஏரியைப் பார்த்திருக்கும். புறக்கடை ஏரிப் பக்கம் இருந்தால் குப்பையும் சாக்கடையும் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலத்துக்காரர் இழந்தது மிகக் குறைவு. எப்படியும் விட வேண்டிய 10 சதவீதத்தை வேறு இடத்தில் விட்டார், அவ்வளவுதான். மனை வரைபடம் வரையும் முன் பேசியதால் இது முடிந்தது. வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த பிறகு என்றால் நடந்திருக்காது.

நிலத்துக்காரருக்கு

உங்கள் நிலத்தை நீங்களே முதலில் அளந்துவிடுங்கள். அத்து அளவீட்டுக்கு (எல்லையை அளந்து காட்டுவது) இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்துப் பட்டாதாரர்களோடு ஊராட்சித் தலைவரையும் ஆயக்கட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லுங்கள். ஊர் பார்க்க நட்ட கல்லை யாரும் எளிதில் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பட்டா மட்டும் உரிமை ஆவணம் ஆகாது, மூலப் பத்திரத்திலிருந்து தொடர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இப்போதே தேடுங்கள். நிலம் உள்வாயில் இருந்தால் அதை மனையாக விற்காதீர்கள். வாங்குபவர் வீட்டில் தண்ணீர் ஏறும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், அவர் பிள்ளைகள் இருப்பார்கள். அதே சமயம், அரசு கலங்கலை உயர்த்தியதால் முன்பு மூழ்காத உங்கள் நிலம் மூழ்கினால் இழப்பீடு கேளுங்கள். ஊரும் உங்களுக்காகக் கேட்க வேண்டும்.

மனுவும் காலமும்

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் யார் என்ன செய்வது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: "புல எண் இன்னது, உட்பிரிவு இன்னது, அ பதிவேட்டின்படி ஓடைப் புறம்போக்கு, பரப்பு இவ்வளவு. இதில் கிழக்கு எல்லையிலிருந்து இத்தனை மீட்டர் நீளத்துக்கு மண் கொட்டி மூடப்பட்டுள்ளது. அளந்து எல்லை காட்டி, மண்ணை அகற்றக் கோருகிறோம்." கூடவே மூன்று தாள், ஒரு படம். திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு முறை கிராம வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம், பதிவேடுகள் எல்லாம் அன்று அங்கேயே இருக்கும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானம் ஒருவரின் பட்டாவை ரத்து செய்யாது. ஆனால் புறம்போக்கு நிலத்தைப் பற்றிய தீர்மானம் பின்னால் எந்த மன்றத்திலும் பேசும். புல எண்ணோடு எழுதச் சொல்லி, நகல் வாங்கிவிடுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயம் போவதாக இருந்தால் நாளை எண்ணுங்கள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வியை அது தீர்க்காது, அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் அதற்கு முன் அதிகாரிகளுக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பேச்சில் முடிந்த ஊர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை பாக்கி. திறந்தவெளி இடம் தானப் பத்திரமாகப் பதிவானதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவாகியிருந்தால் பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறும்வரை தாலுகா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். பத்திர எண்ணையும் வரைபட நகலையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் ஆயக்கட்டுக்காரர் ஒருவர் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். சில வருஷம் கழித்து அந்த 30 சென்டில் யாராவது கடைக்குக் கால்கோள் போட்டால், அன்றைக்குக் காட்ட வேண்டிய தாள் அதுதான்.